பத்தாயிரத்து ஏழு

டைல்ஸ் போடுகிறவருக்குக் கை வேலை செய்யும்போதே வாய் எண்ணிக்கொண்டிருக்கும். முப்பது வருஷத்தில் ஒரு கல்கூடத் தப்பியதில்லை. "அந்தப் பெரிய கூடம் முடிஞ்சுது. மொத்தம் பத்தாயிரத்து ஏழு கல்" என்று சாப்பிடும்போது மார்தட்டினார்.

கணக்கு டீச்சரான மனைவி தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "வெட்டின கல்லும் சேத்தா?"

"வெட்டவே இல்ல. எல்லாம் முழுசு."

"அப்ப இருக்காதுங்க. அது பகா எண், எதாலயும் வகுபடாது. ஒரே வரிசையா வேணா போடலாம், கட்டமா அடுக்கவே முடியாது."

"அடுக்கிட்டேனே!"

மறுநாள் கையோடு கூட்டிப்போய்க் காட்டினார். நீளத்தில் நூறு, அகலத்தில் நூறு, மூலைக்கு மூலை சதுரம்.

"பத்தாயிரம்தான். மிச்ச ஏழும் உங்க கைச்சரக்கு" என்று சிரித்தாள்.

அவர் ஒரு சாக்பீஸை நீட்டினார். வரிசை பிசகாமல் கல்லுக்கு ஓர் எண்ணாக எழுதிக்கொண்டே போனாள். மூன்று நாள் ஆயிற்று. கடைசி மூலைக் கல்லில் அவள் எழுதிய எண் 10007. எழுந்து வரிசைகளை மறுபடி எண்ணினாள். நூறுக்கு நூறுதான்.

அவர் தரையைத் துடைத்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிவந்தார். வீட்டுத் தரையும் அவர் போட்டதுதான். அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"உள்ள வா" என்றார் அவர், தெம்பாக. "இதையும் எண்ணித்தான் போட்டிருக்கேன்."