வெளியூர்ச் சளி

“உங்க பன்னிக்கு வந்திருக்கிறது முழுசா பன்னிக் காய்ச்சல் இல்ல. பாதி மனுஷக் காய்ச்சல்,” என்றார் கால்நடை டாக்டரம்மா.

பண்ணைக்காரரும் அவர் மனைவியும் திருதிருவென்று விழித்தார்கள். ஒற்றைக் காது பன்றி இருமத் தொடங்கியபோது அதன் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுச் சளி எடுத்துப் போனவர், இன்றுதான் முடிவோடு வந்திருக்கிறார்.

“ரெண்டு வைரஸ் ஒரே சமயத்துல ஒரு பன்னிக்குள்ள புகுந்தா, ரெண்டு சீட்டுக்கட்டைச் சேர்த்துக் கலைச்ச மாதிரி ஆயிடும். புதுசா ஒண்ணு கிளம்பும். இதுல ஒரு கட்டு பன்னிங்ககிட்ட எப்பவும் இருக்கிறது. இன்னொண்ணு, துறைமுகப் பட்டணத்துல மட்டும் இப்போ பரவுற காய்ச்சல். அங்கேருந்து யாராவது கொட்டகைக்குள்ள வந்தாங்களா?”

“வெளியாளு யாரையும் விடுறதில்ல. நானும் இவளும்தான்,” என்றார் பண்ணைக்காரர் வெடுக்கென்று.

மனைவி டாக்டரம்மா பக்கம் திரும்பினாள். “எங்க பையன் அங்கதான் இருக்கான், டாக்டரம்மா.”

“அவன் பேச்சை எடுக்காத.”

அவள் எடுத்தாள். பிடித்த பெண்ணைக் கட்டிக்கொண்டு போனவன். ‘இனி இந்த வாசலை மிதிக்காதே’ என்று கோபத்தில் அப்பா சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டவன். பிடிவாதத்தில் அப்பனை அச்சில் வார்த்த பிள்ளை. அவன் போன் நம்பர்கூட அவளிடம் கிடையாது. கொட்டகையின் பின்கதவை மட்டும் அவள் இன்றுவரை தாழிட்டதில்லை. அந்த நாளில் ஊர் சுற்றிவிட்டு அவன் திருட்டுத்தனமாக வீட்டுக்குள் நுழைந்தது அந்த வழியாகத்தான்.

“ஒத்தக் காதைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்ததே அவன்தான். பின்பக்கமா வந்து அதைப் பார்த்துட்டுப் போயிருக்கான். பெத்தவளை எழுப்பணும்னு தோணல பாருங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “போகட்டும். வந்தானே, அது போதும்.”

“அவன் வரல.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

பண்ணைக்காரர் தீவன வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

“ஒரு நிமிஷம் இருங்க,” என்றார் டாக்டரம்மா. “பன்னி இருமுறதுக்கு முன்னாடி வீட்டுல யாருக்காவது சளி இருந்துச்சா?”

“இவருக்குத்தான்,” என்றாள் மனைவி. “தீவனம் வாங்கிட்டு வர்றேன்னு மாசா மாசம் வெளியூர் போவாரு. போன தடவை திரும்பி வந்ததுலேருந்து ஒரே தும்மல். அந்த மூக்கோடயே கொட்டகைக்கும் போனாரு…”

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டுக் கணவனைப் பார்த்தாள்.

“தீவனம் வாங்க எந்த ஊருக்குப் போவீங்க?” என்று டாக்டரம்மா கேட்டார்.

அவர் வாளியைக் கீழே வைத்தார். மனைவியின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் டாக்டரம்மாவிடமே சொன்னார்.

“பேத்திக்குத்தான் முதல்ல வந்துச்சு. மடியை விட்டு இறங்காம தும்மிக்கிட்டே இருந்தா.”