மஞ்சள் அங்கி

குழலிக்குப் பனி பெய்யும் ஒரு சிறு நகரத்தில் இரண்டு வருட வேலை கிடைத்தது. கணவன் மருதவாணன் தன் வேலையை விட்டுவிட்டு உடன் வந்தான். அவள் காலையில் காற்றாலைக்குக் கிளம்பிவிட்டால் மாலைவரை அவனுக்குப் பேச ஆளில்லை. அந்த ஊர் மொழியில் நன்றி என்ற சொல் மட்டும்தான் தெரியும். கடைக்காரியிடம் அதைச் சொல்வதற்காகவே தினமும் ரொட்டி வாங்கினான். ஊருக்கே திரும்பிவிடட்டுமா என்று அவன் கேட்ட அன்று குழலி சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் நூலகத்தின் முன் ஒரு வரிசை நின்றது. எதற்கென்று தெரியாமல் அவனும் போய் நின்றான். மேசையில் இருந்த பெண்மணி ஏதோ கேட்டாள். பெயரைத்தான் கேட்கிறாள் போலும் என்று தன் பெயரைச் சொன்னான். அவள் சிரித்தபடி ஒரு மஞ்சள் அங்கியையும் பாட்டுத் தாள்களையும் கொடுத்தாள்.

"ஊர்ப் பாட்டுக் குழுவாம்," என்றான் மாலையில்.

"நீங்க பாடுவீங்களா?" என்றாள் குழலி.

"சும்மா வாயை அசைச்சுக்கறேன். கூட நாப்பது பேர் நிக்கறாங்க. அது போதும்."

வசந்த விழாவில் கடைசி வரிசையில் நின்று அவன் எல்லோரையும்விட அழகாக வாயசைப்பதைக் குழலி சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்த்தாள். பாட்டின் நடுவில் குழுத் தலைவர் கையை உயர்த்தினார். நாற்பது பேரும் சட்டென்று நிறுத்தினார்கள். ஒரு குரல் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அந்தக் குரல் குழலிக்கு நன்றாகத் தெரியும்.

தலைவர் திரும்பி அவனைப் பார்த்தார். உயர்த்திய கையை இறக்காமல், இன்னும் பாடு என்பதுபோல விரல்களை அசைத்தார்.