மாப்பிள்ளை கட்டிய ரேடியோ

"கடையில முழுசாவே செஞ்சு விக்கிறான் மாப்பிள்ளை. வாங்கிட்டு வந்து சுவிட்சைப் போட்டா உலகமே பேசுது. அதை விட்டுட்டு, எதுக்கு இந்த ரேடியோ கிட்டைப் பிரிச்சு வெச்சுக்கிட்டு தலையைப் பிச்சுக்கறீங்க?"

மாடியில் குடியிருக்கும் மாமனார், வீட்டிலிருந்தே வானலையில் முகம் தெரியாதவர்களோடு பேசும் ஹாம் ரேடியோவில் பழம் தின்று கொட்டை போட்டவர். மாப்பிள்ளை இப்போதுதான் அதற்கு உரிமம் வாங்கியவர். வாங்கிய சூட்டோடு உதிரிப் பாகங்களை வரவழைத்துச் சாப்பாட்டு மேஜையை வளைத்துப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லோருக்கும் மடியில்தான் தட்டு.

"அவரைச் சீண்டாதீங்கப்பா," என்றாள் மகள்.

கணவரின் ஆதங்கம் அவளுக்குத் தெரியும். மனிதர் மிக்ஸியைப் பிரித்தார். அது திரும்பச் சேரவில்லை. அழைப்பு மணியைச் சரிசெய்தார். அது ஆள் வராமலே அடித்தது. "இவர் கை பட்டா எதுவும் விளங்காது" என்று மாமனார் எப்போதோ விளையாட்டாகச் சொன்னது முள்ளாகத் தைத்திருந்தது. ஒரே ஒரு பொருளையாவது உருப்படியாகச் செய்து காட்டிவிட வேண்டும் அவருக்கு.

"பந்தயம் மாமா! இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள யாராவது ஒருத்தர் எனக்குப் பதில் சொல்லணும். இல்லேன்னா நீங்க சொல்ற செட்டையே வாங்கிடறேன்."

"அப்புறம் இந்தக் கிட், கம்பின்னு பேச்சே எடுக்கக் கூடாது!"

"எடுக்கலை."

"அப்ப நான் நிம்மதியாத் தூங்கப் போறேன்," என்று சிரித்தபடி மாமனார் மாடியேறினார்.

மாப்பிள்ளை கடைசிக் கம்பியையும் பற்றவைத்தார். சோதனை டப்பாவை மாட்டிச் சரிபார்த்தார். மீட்டரில் முள் துள்ளியது. அவரும் துள்ளினார். உடனே தந்திச் சாவியைத் தட்ட ஆரம்பித்தார். யாராவது இருக்கீங்களா? யாராவது இருக்கீங்களா?

மத்தியானம் முழுக்கத் தட்டினார். ஹெட்போனில் ஈ, எறும்பு சத்தம்கூட இல்லை. காப்பி ஆறிப் போனது. ஜன்னலில் வெயில் இறங்க இறங்க அவர் முகமும் இறங்கியது. அவளுக்குப் பாவமாக இருந்தது.

"விடுங்க. அடுத்த தடவை பாத்துக்கலாம்."

"இனிமே ஏது அடுத்த தடவை?" என்றவர், திடீரென்று ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு குதித்தார். "பதில் வருது! யார் தெரியுமா? உங்கப்பா! சாட்சாத் உங்கப்பாவே!"

கொஞ்ச நேரத்தில் மாமனார் தலையைச் சொறிந்துகொண்டு இறங்கி வந்தார். "தூக்கம் கலைஞ்சுது, சும்மா செட்டைப் போட்டேன். கூப்பிடற சத்தம் காதுல விழுந்தா கை சும்மா இருக்குமா? பழக்கதோஷம்! சிக்னல் கணீர்னு இருக்கு மாப்பிள்ளை. நான் தோத்துட்டேன்."

மாப்பிள்ளைக்குக் கால் தரையில் பாவவில்லை. நண்பர்களுக்குச் சொல்ல போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

மாமனார் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, செட்டின் பின்னால் குனிந்து எதையோ கழற்றி எதையோ மாட்டினார். மறுகணம் ஹெட்போனில் ஊர்ப்பட்ட சத்தம்.

"என்னப்பா பண்றீங்க?"

"ஷ்ஷ், கத்தாதே! அலையை வெளியே விடாம முழுங்கற சோதனை டப்பா இது. இதைக் கழட்டிட்டு ஆன்டெனாவை மாட்ட மறந்துட்டார் உன் வீட்டுக்காரர். மத்தியானத்துலேருந்து அவர் கூப்பிட்டது நம்ம மாடியைத் தாண்டலை. நல்லவேளை, அங்கே ஒருத்தன் தூங்காம காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்!"