ஓடிபி சொன்னவர்

“அந்த ஓடிபி நம்பரை யார்கிட்டயாவது சொன்னீங்களாய்யா?” என்று மூன்றாவது முறையாகக் கேட்டாள் வங்கி மேலாளர்.

 கண் ஆபரேஷனுக்குப் பிறகு மாட்டிவிட்ட கறுப்புக் கண்ணாடி பெரியவரின் மூக்கிலிருந்து வழுக்கிக்கொண்டே இருந்தது.

எந்தப் பதிலுக்கு என்ன நடக்கும் என்பதை அந்தப் பெண் ஏற்கெனவே புட்டுப் புட்டு வைத்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை என்றால் வங்கியே போலீசுக்கு எழுதும். அவர் கணக்கிலிருந்து எடுத்தவன் யாரென்று சீக்கிரமே தெரிந்துவிடும், பணமும் பெரும்பாலும் திரும்பிவிடும். அவராகவே சொல்லிக் கொடுத்திருந்தால் கதை அதோடு முடிந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

லேத் பட்டறையில் ஆயுசு முழுக்க நின்றே சம்பாதித்த பணம். அவருடைய இன்னொரு கண்ணும் மனைவியின் முழங்காலும் அதை நம்பித்தான் இருந்தன.

அவரைப் போய் ஏமாளி என்று யார் சொல்வார்கள்? ஏடிஎம்மில் தன்னந்தனியாக நின்றாலும் கையால் மறைத்துக்கொண்டு பின் நம்பரை அழுத்துகிற ஆசாமி. அந்த நம்பர் கட்டிய மனைவிக்கே தெரியாது. ‘உங்க கார்டு முடங்கப் போகுது’ என்று போனில் மிரட்டியவனிடம், சாப்பிட்டாயா, அம்மா சௌக்கியமா, இந்தப் பிழைப்பு அவளுக்குத் தெரியுமா என்று விசாரித்து விசாரித்தே அவனை ஓட வைத்தவர். தெருவில் பாதிப் பேருக்கு இதைப் பற்றி வகுப்பெடுத்ததும் அவர்தான். அவர் வாயைத் திறந்தாலே பக்கத்து வீட்டுக்காரர்கள் நழுவிவிடுவார்கள்.

ஒரு வார்த்தை ‘இல்லை’ என்றால் போதும். பணம் வந்துவிடும்.

“சொன்னேம்மா. பேங்க்ல இருந்து பேசுறேன்னான். நம்பிச் சொல்லிட்டேன்.”

மேலாளர் பேனாவை மூடி வைத்தாள். பக்கத்து மேசைக்காரர் உச்சுக்கொட்டினார். பின்னால் வரிசையில் நின்ற யாரோ சிரித்தார்கள். பெரியவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

அதுவரை வாயையே திறக்காமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த மகன் இப்போது எகிறினான்.

“படிச்சுப் படிச்சுச் சொன்னேனேப்பா! புத்தி எங்க போச்சு உங்களுக்கு?”

வங்கி முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினான். காலையிலிருந்து வெளிறிக் கிடந்த அவன் முகத்தில் கத்தக் கத்த ரத்தம் ஓடியது.

  மேலாளர் காட்டிய இடத்தில் பெரியவர் கையெழுத்துப் போட்டார்.

பணம் போன அந்த மதியம், ஆபரேஷன் முடிந்து, கண்ணில் கட்டோடு அவர் வீட்டில் படுத்திருந்தார். மகன் வந்து கட்டிலோரம் உட்கார்ந்தான். அவர் கையை மெல்ல எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

இரும்போடு மல்லுக்கட்டியே ரேகை அழிந்துபோன விரல்கள். அவருடைய செல்போன் இடதுகைச் சுண்டுவிரலுக்கு மட்டும்தான் திறக்கும். வீட்டில் இருப்பவர்களைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. மகன் அந்த விரலைப் பிரித்தெடுத்து, சில்லென்றிருந்த ஒரு கண்ணாடித் திரையில் வைத்து அழுத்தினான்.

அவர் விழித்துத்தான் இருந்தார். சின்னப் பிள்ளையில் தெருவைக் கடக்கப் பிடித்ததோடு சரி, அதற்கப்புறம் அவன் அவர் கையைத் தொட்டதே இல்லை. அசைந்தால் எங்கே கையை விட்டுவிடுவானோ என்று பயந்து, தூங்குகிறவர் போலவே கிடந்தார்.