மூன்றாவது தடவை

இறந்துபோன மாமனாரின் பழைய பேஸ் கிதாரை விற்றுவிடலாம் என்றான் பிரவின்ராஜ். மனைவி ஜெப்சி சம்மதிக்கவில்லை. அந்த நாதம் வேறெதிலும் வராதாம். காவலூர் சர்ச்சில் பாட்டுப் பயிற்சி முடிந்ததும், எது பழசு எது புதுசு என்று கேட்டே சொல்லச் சொல்லி அவளைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தான். பழசைப் பெட்டியில் பூட்டிவிட்டு, விலை உயர்ந்த புதுசையே இரண்டு தடவை வாசித்தான். ஒன்றைப் பழசு என்பாள், மடக்கிவிடலாம்.

"முதல் ரெண்டும் புதுசுங்க. கழுவி வச்ச எவர்சில்வர் மாதிரி கணீர்னு இருக்குது. மூணாவதுதான் அப்பாவோடது. கம்பளிக்குள்ள இருந்து பேசற மாதிரி."

திருட்டுத்தனமாகத் திரும்பிப் பார்த்திருக்கிறாள் என்று நினைத்தான். "மூணாவது இன்னா? ரெண்டு தடவைதானே வாசிச்சேன்!"

"இன்னும் கேக்குதே."

அவள் பொய்யைக் காட்டப் பெட்டியின் பூட்டைத் திறந்தான். தடித்த கம்பி அதிர்ந்துகொண்டிருந்தது.