கோட்டின் நுனி

பாய்லர் வெடித்து ஆபரேட்டர் சுடலைமுத்து செத்துப்போன விபத்துக்கு, காரணங்களைக் கோடு போட்டு இணைக்கும் படத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து முடித்திருந்தாள் ஜெசிந்தா. எல்லாக் கோடுகளும் சுற்றிவளைத்து ஒரே கோடாகி, 'பழுதான வால்வு, மூன்று முறை புகார்' என்ற பெட்டியில் போய் முட்டின.

மேனேஜர் ராஜரத்தினம் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"அந்தப் பெட்டிய எடுத்துரும்மா."

எடுத்தாள். பெட்டி போனது, கோடு போகவில்லை. ஒட்டியிருந்தவரை பச்சையாக இருந்த அதன் நுனி சிவந்து, வெற்றிடத்தில் நீட்டிக்கொண்டு நின்றது.

"இத எங்க சார் ஒட்டுறது?"

"சுடலைமுத்து பேர்ல ஒட்டு. செத்தவன் வந்து கேக்கவா போறான்?"

நுனியைப் பிடித்து இழுத்தாள். பாதி வழியில் கை கூசியது, மவுசை விட்டுவிட்டாள். விட்ட நுனி பக்கத்தில் எது இருக்கிறதென்று தானே தேடி, தாளின் கீழ்மூலைக்குத் தாவிப் பச்சையானது. எல்லாப் படங்களிலும் அவள் வழக்கமாகப் போடும் சின்னப் பெட்டி அது: 'தயாரித்தவர்: ஜெசிந்தா, பாதுகாப்பு அதிகாரி.'

பதறிப்போய் அதைப் பிய்க்கப் போனாள். ராஜரத்தினம் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இரும்மா, அதத் தொடாத" என்றார் மெதுவாக. "அப்படியே சேவ் பண்ணு."