ஐந்து மணிவரை

"கெழவி மூச்சு வுட்டுகினு கீதா?"

பள்ளிக்கூடத்து வாசலில் கோவிந்தம்மாவை மறித்துக் கேட்டார் திருமலை. அவள் ஓட்டுப் போட்டுவிட்டு, விரலில் மையோடு வெளியே வந்திருந்தாள். அவளுடைய மாமியார் பவுனம்மாள் ஒரு வாரமாக இழுத்துக்கொண்டு கிடக்கிறாள்.

"கீது மாமா," என்றாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"ராத்திரி கடலுக்குப் போனவனுங்க? எம் மவன் பொன்னுரங்கமும் போனான். ஓட்டு வயசு வராத பையன் இங்க இன்னா பண்ணப் போறான்னு வுட்டுட்டேன்."

"எல்லா கட்டுமரமும் கரைக்கு வந்துடுச்சி மாமா. நான் போறேன்."

விறுவிறுவென்று நடந்துவிட்டாள். திருமலை பீடியைப் பற்ற வைத்தார். கிழவி விஷயத்தில் அவள் பொய் சொல்கிறாள் என்று தோன்றியது. முடிந்துபோயிருக்க வேண்டும். பரவாயில்லை. வாயைக் கட்டிக்கொண்டு வந்து ஓட்டுப் போட்டாளே, அது போதும்.

குப்பத்துக்கு அவர்தான் தலைவர். அங்கே ஒரு சாவு விழுந்தால், பிணத்தை எடுக்கும்வரை எந்த வீட்டிலும் அடுப்பு எரியக்கூடாது, கட்டுமரம் கடலில் இறங்கக்கூடாது, ஒருத்தரும் எல்லையைத் தாண்டக்கூடாது. ஊர்க்கட்டு. அறுபத்திரண்டாம் வருடத் தேர்தலன்று விடியற்காலையில் ஒருவன் செத்தான். குப்பம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஒரு ஓட்டும் விழவில்லை. பிறகு, கடல் அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டித் தரச் சொல்லிப் போனபோது, ஜெயித்தவர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. "நீங்க யாருக்குமே ஓட்டுப் போடாத ஆளுங்களாச்சே," என்றார். அதற்கப்புறம் கடல் இரண்டு வரிசை வீடுகளைத் தின்றுவிட்டது. இப்போது அலை மூன்றாவது வரிசையின் வாசலை நக்கிக்கொண்டிருக்கிறது.

இந்தத் தடவை இரண்டு கூட்டணியுமே கல் கொட்டுவதாக மேடையில் சத்தியம் செய்தன. ஜெயிக்கும் என்று நம்பிய கூட்டணியைக் குப்பம் பிடித்துக்கொண்டது. நேற்று ஊரைக் கூட்டி வைத்துத் திருமலை சொன்னார்:

"நாளிக்கி எந்த வூட்ல உசுரு போனாலும் சரி, சாய்ந்தரம் அஞ்சு மணி வரிக்கும் சத்தம் வரக்கூடாது. எல்லாரும் வந்து ஓட்டுப் போட்டாவணும். முடிஞ்சதும் நானே வந்து சொல்றேன். அப்பால அழுவுங்க."

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. எல்லோரும் பவுனம்மாளின் குடிசையைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டில்தான் சண்டை வந்தது. "அழுவறதுக்குக் கூடவா ஒங்கிட்ட பர்மிசன் வாங்கணும்? நீ மனுசனாய்யா?" என்று கேட்டாள் அவர் மனைவி அங்கம்மா.

"கடலு வூட்டுக்குள்ள பூந்துச்சின்னா அப்ப அழுவு. நான் கேக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு, விடிவதற்கு முன்பே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார்.

எதிர்க் கூட்டணியின் ஏஜெண்ட் அம்புரோஸ் வெளியே வந்து சோம்பல் முறித்தான். ராயபுரத்துக்காரன், துறைமுகத்தில் வேலை.

"இன்னா தலிவரே, குப்பமே எழுந்து வந்துகினு கீது. ஆனா ஒருத்தன் மூஞ்சிலயும் ஈயாடல. மெரட்டி இட்டாந்தியா?"

"ஒங்க ஆளுங்களுக்குச் சரக்கு ஊத்துனாத்தான் காலு நடக்கும். எங்க ஆளுங்க சும்மாவே நடப்பாங்க."

"அது சரி. புளிசோத்துப் பொட்டலத்தக் கூட ஒருத்தரும் தொடலியே. எனுக்காவது ரெண்டு தள்ளு."

உண்மைதான். கட்சி அனுப்பிய பொட்டலங்கள் கூடையிலேயே கிடந்தன. வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள், போட்டார்கள், தலையைக் குனிந்துகொண்டு போனார்கள்.

வெயில் ஏறிய பிறகு அங்கம்மா வந்தாள். இரண்டு பெண்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்திருந்தார்கள். முந்தானையைப் பந்தாகச் சுருட்டி வாயில் கடித்திருந்தாள்.

"ராத்திரி கோவம் இன்னும் தீரலியா? எழவுக்கு வந்தா மாரி மூஞ்ச வச்சிகினு," என்றார் திருமலை.

அங்கம்மா அவரைப் பார்த்தாள். வாயிலிருந்த முந்தானையை எடுக்கவில்லை. உள்ளே போய் ஓட்டுப் போட்டுவிட்டு, அதே பார்வையோடு அவரைக் கடந்து போனாள்.

ஐந்து மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். "ஒங்க குப்பத்துல ஒரு ஓட்டு மிச்சமில்ல, தலிவரே. நாங்க பேஜாரு," என்று கை கொடுத்தான் அம்புரோஸ்.

திருமலை கடற்கரையோடு குப்பத்துக்கு நடந்தார். எந்தக் கூரையிலும் புகையில்லை. சந்தேகமே வேண்டாம், சாவு விழுந்துதான் இருக்கிறது. ஓலமிடாமல் பகல் முழுவதையும் ஓட்டிவிட்டார்கள். பவுனம்மாளுக்குப் பெரிய பாடையாகக் கட்டச் சொல்ல வேண்டும், பறைக்கும் சொல்லி அனுப்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தார்.

முதல் குடிசை அவளுடையது. உள்ளே குனிந்து பார்த்தார். கிழவி கண் திறந்து கிடந்தாள். மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"என்ன இன்னாத்துக்குப் பாக்கற?" என்றாள் ஈனக் குரலில். "ஒன் வூட்டுக்குப் போ நைனா."

அவர் வீட்டு வாசலில் குப்பம் முழுவதும் சத்தமில்லாமல் நின்றது. அவரைக் கண்டதும் விலகி வழிவிட்டது. உள்ளே பாயில், ஈரம் காயாத பாய்மரத் துணியால் மூடப்பட்டுப் பொன்னுரங்கம் கிடந்தான்.

தலைமாட்டில் இருந்த அங்கம்மா, கடித்துக் கடித்துக் கிழிந்துபோன முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"அஞ்சு ஆயிடுச்சாய்யா?" என்று கேட்டாள். "இப்ப அழுவட்டா?"